வீட்டில் பாட்டுப் பதிய எந்த ரெக்கார்டர்? டிராக்கை விட்டு மைக்கை எண்ணுங்கள்

உடுக்கடிப் பாட்டு, வள்ளி கும்மி, இல்லையென்றால் சொந்தமாகக் கட்டிய மெட்டு, எதுவானாலும் கம்ப்யூட்டர் இல்லாமலே பதிந்துவிடலாம். அதற்குத்தான் மல்டிடிராக் ரெக்கார்டர். குரலையும் வாத்தியத்தையும் தனித்தனி டிராக்கில், அதாவது தனித்தனி ஒலித்தடத்தில் பதிந்து, அப்புறம் சத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஒரே பாட்டாகச் சேர்க்கலாம்.

முதல் வேலை, ஒரே நேரத்தில் எத்தனை மைக் ஓட வேண்டும் என்று முடிவு செய்வது. '8 டிராக்' என்று போட்டிருந்தால் எட்டு மைக் மாட்டலாம் என்று பொருளில்லை. டாஸ்காம் டிபி-008இஎக்ஸில் 8 டிராக் உண்டு, ஆனால் ஒரு தடவைக்கு 2 தான் பதியும். ஜூம் ஆர்12-உம் அப்படித்தான். எட்டையும் ஒன்றாகப் பதிய ஜூம் ஆர்20, டாஸ்காம் டிபி-24எஸ்டி மாதிரி பெரிய கருவி வேண்டும்.

உடுக்கடிப் பாட்டில் பாடுகிறவர் அடியை இழுத்தால் உடுக்கையும் கூடவே இழுக்கும். அந்த இரண்டையும் பிரித்துப் பதிந்தால் பாட்டின் உயிரே போய்விடும். ஆகவே குரலுக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று என்று இரண்டு மைக் வைத்து ஒரே மூச்சில் பதியுங்கள். பின்பாட்டை ஹெட்போனில் கேட்டபடி அடுத்த டிராக்கில் பாடிச் சேர்க்கலாம். இதற்கு 2 உள்ளீடு, அதாவது மைக் மாட்டும் இடம், போதும். கும்மிக் குழு முழுவதையும் தவிலோடு சேர்த்துப் பதிவதென்றால் மட்டும் நாலுக்கு மேல் தேடுங்கள். வீட்டில் பதிகிறவர்கள் பெரும்பாலும் இரண்டோடு நிறுத்தி, மிச்சப் பணத்தை நல்ல மைக்கில் போடுவதே மேல் என்பேன்.

அடுத்தது மைக். மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் பேண்டம் பவர், அதாவது கருவியே மைக் கம்பி வழியாகத் தரும் மின்சாரம் வேண்டும்; கருவியில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். மேடையில் கையில் பிடித்துப் பாடும் வகையான டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை. சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் வீதியில் இருப்பவர்களுக்கு டைனமிக் மைக்தான் சரி. வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பாடினால் தூரத்துச் சத்தம் அவ்வளவாக ஏறாது. சுவரில் பவானி ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டால் அறையின் எதிரொலி குறையும், ஆனால் தறிச் சத்தம் நிற்காது.

அது நிற்பது கரண்ட் போனால்தான்! அதனால் பேட்டரியில் ஓடுகிற கருவி நம் ஊருக்கு ரொம்பப் பொருத்தம். டிபி-008இஎக்ஸ் நாலு சாதாரண ஏஏ பேட்டரியில் ஓடும். பேண்டம் பவர் போட்டால் மட்டும் பேட்டரி சீக்கிரம் தீரும்.

மெமரி கார்டுக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒலித்தரத்தில் ஒரு டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு எட்டு டிராக்கோடு 320 எம்பி வரும். எந்த அளவுக் கார்டை ஏற்கும் என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

பதியும்போது கருவியின் மீட்டர் காட்டும் சத்த அளவை -12 டெசிபல் பக்கம் வையுங்கள். உடுக்கை திடீரென்று ஓங்கி அடிக்கும். 0-ஐத் தாண்டினால் ஒலி உடையும், பிறகு திருத்த வழியில்லை. ஜூம் ஆர்4 போல, ரொம்ப ஓங்கிய சத்தத்தையும் தாங்கும் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதியும் கருவியில் இந்தக் கவலை வெகுவாகக் குறைவு.

கடைக்குப் போகும்போது ஹெட்போனைக் கையோடு கொண்டு போங்கள். ஒரு டிராக்கில் தாளம் தட்டிப் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே அடுத்ததில் பாடிப் பாருங்கள். விளக்கப் புத்தகத்தைப் புரட்டாமல் இதைச் செய்ய முடிந்தால் அந்தக் கருவியை எடுங்கள்.