வளைவுகளில் கார் சொன்னபடி கேட்க: டயரையும் சஸ்பென்ஷனையும் சரிசெய்யும் முறை

பெங்களூரிலிருந்து ஏற்காட்டுக்கோ, திம்பம் வழியாகச் சத்தியமங்கலத்துக்கோ காரில் செல்கிறவர்கள், நகரத்துக்குள் தெரியாத ஒரு குறையை மலைப்பாதையில்தான் முதலில் உணர்கிறார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகும் காரின் முன்பகுதி வளைவின் வெளிப்புறத்தை நோக்கியே இழுத்துக்கொண்டு போகும். அல்லது வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, நிமிர்வதற்குள் அடுத்த கொண்டை ஊசி வளைவு வந்துவிடும். உடனே பலர் விறைப்பான ஸ்பிரிங்கும் அகலமான டயரும் தேடி, பெங்களூரின் வாகன உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டுக்குக் கிளம்புகிறார்கள். அவை கடைசியாக யோசிக்க வேண்டியவை. டயர், காற்றழுத்தம், தேய்ந்த பாகங்கள், வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணச் சீரமைப்பு) என்ற வரிசையில் போனால், பெரும்பாலான குடும்பக் கார்களில் ஸ்பிரிங்கைத் தொடும் தேவையே வராது என்பது என் உறுதியான கருத்து.

அதற்கான காரணத்தை முதலில் புரிந்துகொள்வது நல்லது. வளைவில் திரும்பும்போது காரின் எடை உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு எடை மாறும் என்பதைப் பெரும்பாலும் வேகம், வளைவின் ஆரம், காரின் ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் ஆகியவையே தீர்மானிக்கின்றன. ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரும் அந்த மாற்றத்தை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பங்கிடும் வேலையைச் செய்கின்றன. ஒரு டயரின் மேல் விழும் எடை இரு மடங்கானால் அதன் பிடிமானம் இரு மடங்காவதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே எந்த அச்சை விறைப்பாக்குகிறோமோ அந்த அச்சு தன் பிடிமானத்தில் ஒரு பகுதியை இழக்கிறது. நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்கள் இன்ஜின் எடையை முன்னால் சுமந்து, முன் சக்கரங்களாலேயே இயங்குபவை. அவற்றின் முன்புறத்தை மட்டும் விறைப்பாக்கினால் சாய்வு குறையும், ஆனால் வெளிப்புறம் இழுக்கும் குணம் கூடிவிடும். அதோடு, குண்டும் குழியுமான மலைச்சாலையில் அளவுக்கு மீறி விறைப்பான ஸ்பிரிங் டயரைத் தரையிலிருந்து துள்ளவைக்கும். துள்ளும் டயருக்குப் பிடிமானம் கிடையாது.

இனி வேலையைத் தொடங்கலாம். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணைப் பாருங்கள்: 1423 என்று இருந்தால் அது 2023-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்பது சட்ட எல்லைதான். ஈரமான மலைச்சாலைக்கு அது போதாது, 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததும் டயரை மாற்றிவிடுவதே என் பரிந்துரை. தேய்மானம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் கையால் தடவிப் பாருங்கள். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது, நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று அதிகம், ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் தவறு, ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஷாக் அப்சார்பரின் ஆயுள் முடிந்திருக்கிறது.

காற்றழுத்தத்துக்குச் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை, பலன் மிகப் பெரிது. ஓட்டுநர் கதவுச் சட்டத்திலுள்ள ஸ்டிக்கரில் தரப்பட்டிருக்கும் அளவு, குளிர்ந்த டயருக்கு உரியது. பெட்ரோல் பங்க் வரை ஓட்டிச் சென்று சூடான டயரில் அளப்பதை விட, சொந்தமாக ஒரு அழுத்தமானி வாங்கி விடியற்காலையில் வீட்டு வாசலிலேயே அளப்பது நம்பத்தக்கது. அந்த அளவை அடிப்படையாக வைத்து, முன் டயர்களில் மட்டும் 1 அல்லது 2 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) கூட்டினால், பக்கச் சுவர் மடங்குவது குறைந்து ஸ்டீயரிங்கின் பதில் கூர்மையாகும். அதற்கு மேல் ஏற்றினால் தரையில் படியும் பரப்பு சுருங்கிப் பிடிமானம் குறையத் தொடங்கும். ஐவரும் சுமைகளுமாகப் போகும் நாளில், முழுச் சுமைக்கென ஸ்டிக்கரில் தனியாகக் குறித்திருக்கும் அளவையே பின்பற்ற வேண்டும்.

பெங்களூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. வெப்பநிலை 6 டிகிரி செல்சியஸ் கூடும்போது டயரின் அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ ஏறும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரிலிருந்து சேலத்துக்கு இறங்கினால், அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் அதிகமாதலால், அதே டயர் 1 பிஎஸ்ஐ குறைவாகக் காட்டும். மார்கழிக் காலையில் புறப்பட்டு மதியம் சேலத்தை அடையும் வண்டியில் இவ்விரண்டும் சேர்ந்தே செயல்படுவதால், பயணத்தின் நடுவே சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். மறுநாள் காலை, ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் முன், குளிர்ந்த நிலையில் மீண்டும் அளந்து சரிசெய்யுங்கள். நைட்ரஜன் நிரப்புவதால் வளைவில் வேறுபாடு எதுவும் தெரியாது.

அடுத்து, தேய்ந்த பாகங்கள். நகரத்தின் குழிகளும் வேகத்தடைகளும் முதலில் சிதைப்பது சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களையும், அதன் முனையிலுள்ள உருண்டை மூட்டான பால் ஜாயின்டையும், ஆன்டி ரோல் பாரை இணைக்கும் லிங்க் ராடையும்தான். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ‘டக்டக்’ என்ற ஒலி கேட்டால் லிங்க் ராடைச் சந்தேகிக்கலாம். பிரேக் அடிக்கும்போது வண்டி ஒருபக்கம் விலகினால் புஷ் வெடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காரின் ஒரு மூலையை அழுத்தி விட்டால் அது ஒருமுறை எழுந்து அமைதியாக வேண்டும். தொடர்ந்து ஆடினாலோ, ஷாக் அப்சார்பரின் உடலில் எண்ணெய் கசிந்திருந்தாலோ, அதே அச்சிலுள்ள இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இந்தப் பழுதுகளைத் தீர்க்காமல் அலைன்மென்ட் செய்வது வீண்செலவு, ஏனெனில் தளர்ந்த புஷ் ஒவ்வொரு வளைவிலும் கோணத்தை மாற்றிக்கொண்டே இருக்கும்.

அலைன்மென்ட் கடையில் முதலில் நான்கு டயர்களின் அழுத்தத்தையும் ஸ்டிக்கர் அளவுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, வேலைக்கு முன்னும் பின்னும் அளவுத்தாளை அச்சிட்டுக் கேளுங்கள். எண்கள் பச்சை நிறத்தில், அதாவது அனுமதித்த எல்லைக்குள், வந்துவிட்டன என்பதோடு நிறைவடையாமல், இடதுக்கும் வலதுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணமான கேம்பரில் அது அரை டிகிரியைத் தாண்டக் கூடாது. சக்கரத்தின் மேற்பகுதி உட்புறம் சாய்ந்திருப்பது நெகட்டிவ் கேம்பர். வளைவில் வண்டி சாயும்போது வெளிப்புற டயர் தரையில் முழுமையாகப் படிவதற்கு அது உதவுகிறது. நம் சிறிய கார்களில் கேம்பரைச் சரிசெய்யும் வசதி பெரும்பாலும் இருக்காது. அதற்கெனக் கிடைக்கும் கேம்பர் போல்ட்டைப் பொருத்தி மைனஸ் 1 டிகிரி வரை கொண்டுவரலாம். அன்றாடம் அவுட்டர் ரிங் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அதற்கு மேல் வைத்தால் டயரின் உட்புற ஓரம் வேகமாகத் தேயும். மேலிருந்து பார்க்கையில் சக்கரங்களின் முன்முனை உட்புறமோ வெளிப்புறமோ திரும்பியிருக்கும் அளவான டோவைப் பூஜ்யத்துக்கு அருகில், தயாரிப்பாளர் தந்த எல்லைக்குள் வையுங்கள். சிறிதளவு டோ-அவுட் (முன்முனை வெளிப்புறம் திரும்பிய நிலை) வைத்தால் கார் வளைவுக்குள் விரைந்து நுழையும், ஆனால் ஓசூர் நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது அலைபாயும். கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும் என்பதால் டோவை எப்போதும் இறுதியாகவே சரிசெய்ய வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் முன்புறம் வெளியே இழுத்தால், அந்த மாடலுக்கெனத் தயாரிக்கப்பட்ட சற்றே தடிமனான பின்புற ஆன்டி ரோல் பாரை யோசிக்கலாம். அது எடை மாற்றத்தின் பெரும்பங்கைப் பின் அச்சுக்குத் தள்ளி முன் டயர்களுக்கு ஓய்வு தரும். அளவு மீறினால் ஈரச்சாலையில் பின்பகுதி வழுக்கும். டயர் அளவை மாற்றுவதானால் மொத்த விட்டம் ஏறத்தாழ மாறாமல் இருக்க வேண்டும்: 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621.5 மில்லிமீட்டர், 195/60 ஆர்15-இன் விட்டம் 615 மில்லிமீட்டர், ஆகவே இது ஏற்கத்தக்க மாற்றம். ஸ்பிரிங்கை அறுத்து வண்டியைத் தாழ்த்துவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அறுத்த ஸ்பிரிங் பள்ளத்தில் தன் இருக்கையிலிருந்தே விலகக்கூடும். பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு முரணான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடைசெய்வதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தேதி, அழுத்தம், அலைன்மென்ட் எண்கள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழக்கமான ஒரே பாதையில், ஒரே சுமையோடு, வழக்கமான வேகத்திலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். கார் அதே வளைவில் முன்னைவிடக் குறைவான ஸ்டீயரிங் திருப்பலோடு திரும்பினால் மாற்றம் சரியான திசையில் போகிறது. டயரின் எல்லையைத் தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள், கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற மூடிய தடத்தில், டயரின் தோள்பகுதியில் சாக்பீஸால் கோடு வரைந்து ஓட்டிப் பார்க்கலாம். கோடு பக்கச் சுவர் வரை அழிந்திருந்தால் அழுத்தம் குறைவு. தோளின் விளிம்பைத் தொடாமலே நின்றிருந்தால் 1 பிஎஸ்ஐ இறக்கி மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.