மட்டக்களப்பு, அம்பாறையில் புற்றுநோய் மருந்தாய்வுக்கு எல்லா ஊராரையும் சேர்ப்பது எப்படி

மருந்தாய்வில் சேர மறுத்தவர்களைப் பற்றித்தான் ஆய்வுக்குழுக்கள் பேசும். கேட்கப்படாமலே விடுபட்டவர்களை எண்ணுவதில்லை. ஆகவே துண்டுப்பிரசுரம் அடிக்க முதல் ஒரு கொப்பி போடுங்கள். ஆய்வுக்கு எடுத்த நோயோடு கிளினிக்குக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: வயது, ஆணா பெண்ணா, தாய்மொழி, பிரதேச செயலகப் பிரிவு, வீட்டில் இருந்து வர எடுத்த நேரம், முடிவு. பெயர் வேண்டாம். முடிவு நிரலில் 'கேட்கவில்லை' என்பதும் இருக்கட்டும், காரணத்தோடு. 'தூரம், திரும்பி வரமாட்டார்' என்று அடிக்கடி வந்தால் கோளாறு நோயாளியில் இல்லை.

மாதம் ஒருக்கால் சேர்ந்தவர்களை இந்தக் கொப்பியோடு ஒப்பிடுங்கள். சனத்தொகைக் கணக்கோடு ஒப்பிடுவது பிழை, நோய் எல்லா இடத்திலும் ஒரேயளவில் வராது. வெற்றிலையும் புகையிலையும் கூடப் போடுகிற இடத்தில் வாய்ப்புற்று கூடத்தான் இருக்கும்.

இவ்வளவு மினக்கெடுவது ஏன்? சிறுபிள்ளைகளின் இரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் மேர்கப்டோபியூரினைப் பாருங்கள். சிலருக்கு வெள்ளணு ஆபத்தாகக் குறைவதற்கு ரி.பி.எம்.ரி. மரபணுதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அது ஐரோப்பியரில் கண்டது. ஆசியரில் என்.யூ.டி.ரி.15 என்ற வேறொரு மரபணு முக்கியம் என்பது, அதே குடும்ப மருந்து எடுத்த கொரிய நோயாளரை ஆராய்ந்தபோது, 2014இல்தான் தெரியவந்தது.

சேர்க்கும் நிபந்தனைகளை வரிவரியாகப் பாருங்கள். ஹீமோகுளோபின் (டெசிலீற்றருக்கு) 10 கிராமுக்குக் கீழே ஆகாது என்று இருந்தால், இரும்புச்சத்துக் குறைந்த பெண்கள் பலர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். மருந்து இரத்தத்தைத் தாக்காதென்றால் 9 போதுமா என்று கேளுங்கள். நீரிழிவுக்காரர் எல்லோரையும் தள்ளாமல் எச்.பி.ஏ.1.சி.க்கு (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் இரத்தச் சோதனை) ஒரு எல்லை வைக்கலாம். நீங்களாகத் தளர்த்தக்கூடாது, ஆய்வுத்திட்டத்தைத் திருத்தி, நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்த பிறகுதான்.

சம்மதப் படிவத்தில்தான் கூடுதலாகச் சறுக்குவது. 'பரிசோதனை' என்று எழுதினால் 'எங்கள வச்சுச் சோதிக்கிறாங்களா?' என்றுதான் கேட்பார்கள். 'மருந்தாய்வு' நல்லது. எந்த மருந்து யாருக்கென்பது குலுக்கலாகத்தான் முடிவாகும்; அதைத் திருவுளச்சீட்டோடு ஒப்பிட்டால் விளங்கும். ஆனால் புதுமருந்தைப் பரிசு என்று நினைத்துவிடுவார்கள். அதனால் உடனே சேர்த்துச் சொல்லுங்கள்: 'ரெண்டுல எது நல்லமெண்டு டொக்டருக்கும் தெரியா. தெரிஞ்சா ஆய்வே தேவல்ல.' அச்சுக்கு முன் மண்டூரிலும் காத்தான்குடியிலும் ஐந்தைந்து பேருக்கு வாசித்துக் காட்டி, விளங்கியதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். உகனை, மகாஓயாக்காரருக்குச் சிங்களப் படிவம் முதல்நாளே கையில் இருக்கவேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு முழுவதையும் வாசித்து, கைநாட்டோடு ஆய்வுக்குழுவில் இல்லாத ஒரு சாட்சியின் ஒப்பமும் எடுக்கவேண்டும். வீட்டாரோடு பேச இரண்டு நாள் விடுங்கள், ஆனால் நோயாளி பெண்ணென்றால் அவளோடு தனியாகவும் பேசுங்கள். கணவரின் சம்மதம் அவளுடைய சம்மதம் ஆகாது.

கூட்டுக்குளிசையின் (கப்சியூல்) ஜெலற்றின் மாட்டிலிருந்தா பன்றியிலிருந்தா என்று மருந்து தருபவரிடம் ஆரம்பத்திலேயே எழுத்தில் கேட்டு வையுங்கள். இரண்டில் எதுவானாலும் மறுக்க இங்கே ஆள் உண்டு. நோன்பு இன்னொன்று. கப்பசிற்றபீன் என்ற புற்றுநோய்க் குளிசையை, சாப்பாடு முடிந்து அரை மணித்தியாலத்துக்குள், ஏறக்குறைய 12 மணி இடைவெளியில், நாளுக்கு இருதரம் எடுக்கவேண்டும். ஸஹரிலிருந்து நோன்பு திறக்கும்வரை 13, 14 மணி போகும். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு. ஆனாலும் சொல்லாமல் பிடிப்பவர்கள் உண்டு. றமழானுக்கு ஒரு மாதம் முந்தியே கேளுங்கள், கண்டிக்காமல்.

பொத்துவிலில் இருந்து மட்டக்களப்புக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். அங்கே இருக்கிற ஒருவரை வெறுவயிற்றோடு காலை ஏழு மணிக்கு இரத்தம் கொடுக்க வரச்சொன்னால் வரமாட்டார். மாரியில் வெள்ளம் வந்தால் வெல்லாவெளிப் பக்கம் பாதை மூடும். ஆகவே வருகைத் திகதிக்கு முன்பின் மூன்று நாளாவது சலுகை கேளுங்கள்; இடையில் எடுக்கும் இரத்தத்தைக் கிட்டடி ஆசுபத்திரியில் எடுக்க ஒழுங்கு செய்யுங்கள். பஸ், ஓட்டோக் காசை, கூட வருபவருக்கும் சேர்த்து, அன்றைக்கே கையில் கொடுங்கள். மாதக் கடைசியில் தருவதென்றால் வட்டிக்கு வாங்கித்தான் வருவார்கள்.

விலாசம் எடுக்கும்போது அடையாள அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள். இங்கே கல்யாணம் கட்டிய ஆண் மனைவி வீட்டோடு போய்விடுவார், அட்டையில் தாய்வீட்டு விலாசம் கிடக்கும். 'இப்ப எங்க இருக்கீங்க?' என்று கேட்டு, மனைவியுடைய போன் நம்பரையும் அவர் சம்மதத்தோடு எழுதுங்கள்.