காற்றுக்கு இடம் விட்டு கண்ணாடி இழைத் தகடு செய்வது எப்படி

காரின் உள்கூரையில் துணிக்குப் பின்னால் எடையே தெரியாத ஒரு தகடு இருக்கும். பல கார்களில் அது கண்ணாடி இழையும் பாலிப்ரொப்பிலீன் (பிபி) என்ற பிளாஸ்டிக்கும் சேர்ந்தது, மீதி எல்லாம் காற்று. ஹாட் பிரஸ் (சூடாக்கி அமுக்கும் இயந்திரம்), ஓவன், மெல்லிய வலை இருந்தால் கல்லூரி ஆய்வகத்திலேயே 30 செ.மீ. சதுரத்துக்குச் செய்து பார்க்கலாம்.

முதலில் கணக்கு. சதுர மீட்டருக்கு 1 கிலோ என்று வைத்தால் இந்தத் துண்டுக்கு 90 கிராம், பாதி இழை, பாதி பிபி தூள். இதைத் துளையே இல்லாமல் அமுக்கினால் முக்கால் மி.மீ. தடிமன்தான் வரும், 3 மி.மீ.யில் நிறுத்தினால் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு காற்று.

இழை 12 மி.மீ. நீளத்தில், தண்ணீரில் பிரியும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். ரெசினில் (இறுகும் பிசினில்) சேர்க்கவென்று விற்பது பெரும்பாலும் கொத்துக் கொத்தாகவே கிடக்கும். இழையையும் பிபி தூளையும் தண்ணீரில் போட்டுக் கலக்க வேண்டும். பிபி தண்ணீரைவிட லேசு, சும்மா கலக்கினால் தூள் மேலே போய் நின்றுவிடும், அதனால் கொஞ்சம் சோப்புத் திரவம் விட்டு நன்றாக நுரை வரும்வரை அடியுங்கள், அந்த நுரைதான் இரண்டையும் பிரியாமல் பிடித்து வைக்கும். வலையில் ஊற்றி வடித்து, 100 டிகிரியில் ஈரம் போகும்வரை காய வையுங்கள். உலர்ந்த இழை கையில் அரிக்கும்: கையுறை, முகக்கவசம் கட்டாயம்.

அப்புறம் இரண்டு டெஃப்லான் தாள்களுக்கு நடுவே வைத்து, 200 டிகிரியில் அமுக்கி, அழுத்தத்தை எடுக்காமலேயே ஆற விடுங்கள். மெல்லிய தகடு கிடைக்கும். முக்கியமான வேலை இதற்குப் பிறகுதான். அதே தகட்டை எந்தப் பாரமும் இல்லாமல் ஓவனில் மறுபடி சூடாக்குங்கள். 165 டிகிரி வாக்கில் பிபி உருகிவிடும், அதுவரை அடங்கிக் கிடந்த இழைகள் ஸ்பிரிங் மாதிரி நிமிர்ந்து தகட்டைத் தூக்கும். நுரைக்க வைக்கும் ரசாயனம் எதுவும் வேண்டாம். நன்றாக உப்பியதும் உடனே எடுத்து, நான்கு ஓரத்திலும் 3 மி.மீ. பட்டை வைத்த குளிர்ந்த பிரஸ்ஸில் மூடுங்கள். தாமதித்தால் மேல்தோல் இறுகி, வடிவம் எடுக்காது.

ஓரத்தை வெட்டி லென்ஸில் பாருங்கள். இழைகள் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் பிபி சின்ன முடிச்சாக ஒட்டியிருந்தால் சரி. வெள்ளைக் கொத்துகள் தெரிந்தால் கலக்கியது போதவில்லை. தகடு உப்பவே இல்லையென்றால், முதல் அமுக்கலில் இழை நொறுங்கியிருக்க வாய்ப்பு அதிகம், அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள்.