கம்பைல் செய்த கர்னல் மக்கர் பண்ணினால்

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைச் சோர்ஸிலிருந்து (மூல நிரல்) சொந்தமாகக் கம்பைல் செய்பவர்கள் முதலில் காப்பாற்ற வேண்டியது பழைய கர்னலைத்தான். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பு கொடுத்ததை நீக்காதீர்கள். புதியதற்கு, கான்ஃபிக்கில் (கர்னலில் எவை சேர வேண்டும் என்ற பட்டியல்) ‘லோக்கல்வெர்ஷன்’ இடத்தில், ஆங்கில எழுத்தில், ‘-வேலூர்1’ என்பதுபோல் தனிப் பெயர் வையுங்கள். பெயர் ஒன்றாக இருந்தால், தேவைப்படும்போது கர்னல் ஏற்றிக்கொள்ளும் துண்டுகளான பழைய மாட்யூல்களின் மேலேயே புதியவை எழுதப்படும். அப்புறம் பழைய கர்னல் ஒழுங்காக ஏறாமல் போகலாம். எந்தக் கர்னலில் பூட் செய்வது என்று கேட்கும் கிரப் மெனு 10 வினாடி திரையில் நிற்கும்படியும் செய்துகொள்ளுங்கள்.

கம்பைல் பாதியில் நின்றால் உடனே கான்ஃபிக்கில் கை வைக்க வேண்டாம். எதையும் மாற்றாமல், கம்பைல் செய்யும் ‘மேக்’ கட்டளையை மறுபடி கொடுத்துப் பாருங்கள். அதே ஃபைலில் அதே வரியில் நின்றால் கோளாறு கான்ஃபிக்கிலோ சோர்ஸிலோ இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ வந்தால் ரேம் அல்லது சூடு. அக்னி நட்சத்திரத்தில் காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில், எல்லா கோரையும் முழுசாக ஓடவிட்டால் லேப்டாப் என்ன செய்யும்? விசிறித் தூசியைத் தட்டி, ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்று சொல்லும் ‘ஜே8’ஐ ‘ஜே2’ ஆக்கி, விடியற்காலையில் ஓட்டுங்கள். அப்படியும் இடம் மாறி மாறி நின்றால் ஓர் இரவு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போடுங்கள். வெறும் ‘கில்டு’ என்று வந்தால் ரேம் போதவில்லை. 4 ஜிபி மெஷினில் எட்டு வேலை ஒன்றாகப் போகாது. நடுவில் கரண்ட் போயிருந்தால் அரைகுறையாக எழுதப்பட்ட ஆப்ஜெக்ட் ஃபைல்களை (கம்பைலில் உருவாகும் இடைநிலை ஃபைல்கள்) ‘மேக்’ முடிந்தவை என்று நம்பிவிடும். ‘மேக் கிளீன்’ கொடுத்துத் தொடங்குங்கள். உபுண்டு கான்ஃபிக்கை அப்படியே எடுத்தவர்களுக்கு ‘கனானிக்கல் செர்ட்ஸ்’ ஃபைல் இல்லை என்று நிற்கும். ‘சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்’, ‘சிஸ்டம் ரெவொகேஷன் கீஸ்’ இரண்டையும் காலியாக்கினால் போகும்.

பூட்டில் அதிகம் பார்ப்பது ‘ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை’ என்று சொல்லிக் கர்னல் அப்படியே நின்றுவிடும் பேனிக். கடைசி வரியைப் பார்த்துப் பதறாமல் அதற்கு மேலே இருக்கும் பார்ட்டிஷன் பட்டியலைப் படியுங்கள். பட்டியல் காலியாக இருந்தால் கர்னலுக்கு டிஸ்க்கே தெரியவில்லை. ஆறு உண்டு நீரில்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை என்று வேலூரைக் கேலி செய்வார்கள். இது கர்னல் உண்டு, டிஸ்க் இல்லை. சாட்டா டிஸ்க்குக்கு ‘ஏஎச்சிஐ’ டிரைவர், புதிய மெஷின்களுக்கு ‘என்விஎம்இ’ டிரைவர். கான்ஃபிக்கில் ‘எம்’ (தனி மாட்யூல்) என்று இருப்பதை ‘ஒய்’ (கர்னலுக்குள்ளேயே) ஆக்குங்கள். பட்டியலில் பார்ட்டிஷன் வந்தும் பேனிக் ஆனால் பெரும்பாலும் ‘எக்ஸ்ட்4’ போன்ற ஃபைல்சிஸ்டம் டிரைவர் விட்டுப்போயிருக்கும், அல்லது சிஸ்டம் ஃபைல்கள் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் எது என்று கர்னலுக்குச் சொல்லும் ‘ரூட்=’ தப்பு. இதில் ஒரு நுணுக்கம்: ‘ரூட்=யூயூஐடி’ (ஃபைல்சிஸ்டத்தின் அடையாள எண்) என்பது கர்னலுக்குத் தானாகப் புரியாது. அதைப் பார்த்து டிஸ்க்கைத் தேடிக் கொடுப்பது இனிட்ராம்எஃப்எஸ், அதாவது ரூட் மவுண்ட் ஆகும் முன் ரேமில் ஏறும் சின்ன ஃபைல்சிஸ்டம். அது இல்லாமல் பூட் செய்ய வேண்டுமானால் ‘பார்ட்யூயூஐடி’ (பார்ட்டிஷனின் அடையாள எண்) கொடுங்கள். இனிட்ராம்எஃப்எஸ் பெருத்துப்போய் பூட் பார்ட்டிஷன் நிறைந்தால், மாட்யூல் நிறுவும்போது ‘இன்ஸ்டால் மாட் ஸ்ட்ரிப்=1’ சேருங்கள்; பிழை தேட உதவும் டீபக் தகவல் கழன்று சைஸ் பல மடங்கு இறங்கும்.

‘பேட் ஷிம் சிக்னேச்சர்’ என்று வந்தால், கையெழுத்தில்லாத கர்னலைத் தடுக்கும் செக்யூர் பூட்தான் காரணம். கர்னலுக்குக் கையெழுத்திடுங்கள், இல்லை செக்யூர் பூட்டைப் பயாஸில் அணையுங்கள். திரை கறுப்பாகவே நின்றால் கிரப்பில் ‘இ’ அழுத்தி, ‘க்வயட் ஸ்பிளாஷ்’ஐ எடுத்துவிட்டு ‘நோமோட்செட்’ போடுங்கள்.

பூட் ஆகிறது, ஆனால் பென்டிரைவ் தெரியவில்லை, பிரின்டர் அசையவில்லை என்றால் காரணம் அநேகமாக, கான்ஃபிக்கைச் சுருக்கும் ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ கட்டளை. அந்த நேரத்தில் ஏறியிருந்த மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அது வெட்டிவிடும். ஆகவே அதை ஓட்டும் முன் பென்டிரைவ், யூஎஸ்பி வைஃபை, ஹெட்செட் என்று வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஒருமுறை செருகுங்கள். வைஃபைக்கு மட்டும் வேறு ஒரு சிக்கல். டிரைவரை ‘ஒய்’ என்று உள்ளே வைத்தால், ரூட் மவுண்ட் ஆகும் முன்பே வைஃபை சிப்புக்கு ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேரைத் தேடி, கிடைக்காமல் ‘-2’ (ஃபைல் இல்லை) என்று விழும். அதை ‘எம்’ ஆகவே விடுங்கள்.

இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு உறைந்துபோவதுதான் தலைவலி. மறுபடி பூட் செய்து ‘ஜர்னல்சிடிஎல் -கே -பி -1’ கொடுத்தால், லாக் டிஸ்க்கில் சேமிக்கப்படும் மெஷினில், போன முறை கர்னல் சொன்னது வரும். பல ஊப்ஸ் (கர்னலின் பிழை அறிக்கை) இருந்தால் முதலாவதை மட்டும் நம்புங்கள். மற்றவை அதன் எதிரொலியாகவே இருக்கலாம். அதில் ‘டெயின்டெட்’ பக்கத்தில் ‘பி’ அல்லது ‘ஓ’ இருந்தால் வெளி மாட்யூல் ஏறியிருக்கிறது. அதை எடுத்துவிட்டுச் சோதியுங்கள். டிஸ்க்கில் எழுதும் முன்பே செத்தால் ‘நெட்கன்சோல்’ வழியாக, கேபிளில் இணைத்த இன்னொரு மெஷினுக்கு யூடிபி 6666இல் லாக்கை அனுப்பலாம்.

பழைய வெர்ஷன் சரி, புதியது தப்பு என்று உறுதியானால் ‘கிட் பைசெக்ட்’. இடையில் வந்த கமிட்களை (சோர்ஸில் செய்த மாற்றங்கள்) பாதி பாதியாகப் பிரித்து, கெடுத்தது எது என்று அது தேடும். 1000 கமிட் இருந்தாலும் சுமார் 10 கம்பைலில் ஆளைப் பிடித்துவிடலாம். கான்ஃபிக்கை நடுவில் மாற்றாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் பழைய கான்ஃபிக்கைப் போட்டு புதிய விருப்பங்களுக்கு மட்டும் வழக்கமான மதிப்பை நிரப்பும் ‘ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ மட்டும் ஓட்டுங்கள்.