வேலை போன பின் உரிய தொகையைக் கேட்டுப் பெறுவது: ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரித் தொழிலாளர்களுக்கு

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வருகைப் பதிவேடு, காப்பீட்டுக்கும் வைப்பு நிதிக்கும் சம்பளத்தில் பிடித்துக் கட்டும் மாதச் சந்தாவின் பட்டியல், ஆள் குறைப்புப் பட்டியல் ஆகிய மூன்றும் என் மேசை வழியாகத்தான் போயின. வேலை இழந்தவருக்குப் பணம் கிடைக்குமா என்பதை அவருடைய கஷ்டத்தை வைத்து எந்த அலுவலகமும் முடிவு செய்வதில்லை. அவர் பெயரில், எந்த எண்ணில், எத்தனை நாளுக்குச் சந்தா ஏறியிருக்கிறது என்பதை வைத்தே முடிவு செய்கிறது. அந்தக் கணக்கை வேலையில் இருக்கும்போதே சரிபார்த்துக்கொண்டவர்களுக்கு அலைச்சல் குறைவு.

நம் நாட்டில் வேலையின்மைக்கென்று எல்லோருக்கும் பொதுவான ஒரே காப்பீடு கிடையாது. தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈஎஸ்ஐ தரும் நிவாரணம் ஒன்று, சேமித்த வருங்கால வைப்பு நிதி (பிஎஃப்) ஒன்று, மாநில அரசின் உதவித்தொகை ஒன்று என மூன்று தனித்தனி வழிகள் இருக்கின்றன. ஒன்றுக்குக் கொடுத்த மனு மற்றொன்றுக்குச் செல்லாது.

ஈஎஸ்ஐ நிவாரணம்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, அதில் 0.75 சதவீதம் ஈஎஸ்ஐக்குப் பிடித்தம் செய்யப்பட்டவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டத்தை. 2018 ஜூலை 1இல் இது தொடங்கியபோது சராசரி நாள் சம்பளத்தில் 25 சதவீதம் மட்டுமே தந்தார்கள்; அதற்கும் வேலை போய் 90 நாள் காத்திருக்க வேண்டும். கொரோனா காலத்தில், 2020 மார்ச் 24 முதல், அது 50 சதவீதமாக உயர்ந்தது. காத்திருப்பும் 30 நாளாகக் குறைந்தது. வாழ்நாளில் மொத்தம் 90 நாளுக்கு மேல் இந்தத் தொகை கிடையாது. மாதம் 15,000 ரூபாய் வாங்கியவருக்கு நாள் சம்பளம் 500, அதில் பாதி 250, 90 நாளுக்கு 22,500 ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். திட்டத்தின் காலத்தை அவ்வப்போது நீட்டித்து வருகிறார்கள் என்பதால், மனுச் செய்யும் அன்று அது நடப்பில் இருக்கிறதா என்பதை ஈஎஸ்ஐ இணையதளத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தகுதிக்கு இரண்டு ஆண்டுகள் ஈஎஸ்ஐ வரம்புக்குட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும். அத்துடன் சந்தாக் காலக் கணக்கு ஒன்று உண்டு. மனுக்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை அடுத்தது. வேலை போவதற்கு நேர் முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாளுக்குக் குறையாமல் சந்தா கட்டியிருக்க வேண்டும். அதற்கு முன்னுள்ள மூன்று காலங்களில் ஏதேனும் ஒன்றிலும் அதே 78 நாள் இருக்க வேண்டும். நவம்பரில் நிறுத்தப்பட்டவருக்கு அந்த ஆண்டின் ஏப்ரல்–செப்டம்பர் கணக்கே முதலில் பார்க்கப்படும்.

பர்கூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார். சம்பளச் சீட்டுகளையெல்லாம் மஞ்சள் பையில் அடுக்கி வைத்திருந்தார். "அண்ணா, நான் லீவே போடலைங்க, அப்புறம் எப்படிங்க நாள் பத்தலைன்னு வருது?" என்று கேட்டார். சீட்டுகளைத் தரையில் மாதவாரியாகப் பரப்பினோம். ஜூன் வரை ஒரு எண், ஜூலையிலிருந்து வேறொரு எண். இடையில் ஒப்பந்ததாரர் மாறியிருக்கிறார். புதியவர் பழைய ஈஎஸ்ஐ எண்ணைக் கேட்காமல் புதிதாக ஒன்று போட்டுவிட்டார். முதல் எண்ணில் 76 நாள், இரண்டாவதில் 77 நாள். சேர்த்தால் 153, தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே 78க்குக் கீழே. அதே இயந்திரம், அதே ஷிப்ட், அதே கேட் வழியாகத்தான் அவர் ஆறு மாதமும் போய் வந்திருக்கிறார்.

இப்படிப்பட்டவர்கள் இரு எண்களையும் ஆதார் நகலையும் எடுத்துக்கொண்டு ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போய், இரண்டையும் ஒரே எண்ணாக இணைத்துத் தரும்படி எழுத்து மூலம் கேட்க வேண்டும்; மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். இணைப்பு முடிந்த பிறகே நிவாரண மனுவைத் தொடங்குவது நல்லது. வேலையில் இருப்பவர்கள் ஒப்பந்ததாரர் மாறிய மாதமே சம்பளச் சீட்டில் உள்ள எண் பழையதுதானா என்று பார்த்தால் இந்தச் சிக்கலே வராது.

இன்னொரு கண்ணிக்கு என் மாதிரி ஆட்களே காரணம். ஒருவருக்கு அந்த மாதம் நாள் எதுவும் இல்லையென்றால், நிறுவனம் தன் மாதாந்தரப் பட்டியலில் அதற்கான காரணக் குறியைப் போட வேண்டும். வேலையை விட்டார், ஆள் குறைப்பு, விடுப்பு எனப் பல குறிகள் உண்டு. அவசரத்தில் "விடுப்பு" என்று போட்டுவிடுவது வழக்கம், நானும் போட்டிருக்கிறேன். பதிவேட்டில் விடுப்பில் இருப்பவர் வேலையிழந்தவராக எப்படி மனுக் கொடுப்பார்? ஆகவே கடைசி நாளுக்கு அடுத்த மாதம் டைம் ஆபீசில் ஒரு முறை கேட்டு, குறி சரியாக விழுந்ததை உறுதிசெய்துகொள்ளுங்கள். அதைவிட முக்கியம், ஆள் குறைப்பு என்று சொல்லிவிட்டு ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால், படிக்காமல் போட்டுவிடாதீர்கள். ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வில் போனவருக்கும் இந்த நிவாரணம் இல்லை. தானாக விலகியவர் ஆள் குறைப்பு இழப்பீட்டையும் கேட்க முடியாது.

மனுவை ஈஎஸ்ஐ இணையதளத்தில் உங்கள் எண்ணைக் கொண்டு நீங்களே பதியலாம். நிறுவனத்தின் கையெழுத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்க வேண்டும், இரண்டிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். வரப்போகும் நாள்களுக்கு முன்கூட்டியே கேட்க முடியாது. வேலை போன நாளிலிருந்து ஓராண்டு தாண்டியும் கேட்க முடியாது. தாமதம் என்று வரும்போது அந்த ஓராண்டே எல்லை. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளியிலோ பொம்மசந்திராவிலோ வேலை பார்த்துவிட்டு ஓசூரில் குடியிருப்பவர்கள், கர்நாடகத்தில் சந்தா போனதால் தங்களுக்கு உரிமை இல்லை என்று எண்ண வேண்டாம். இது நாடு முழுவதற்குமான திட்டம்.

மாநில அரசின் உதவித்தொகை

இதைப் பற்றி ஊரில் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. வேலை போனதும் கிடைக்கும் தொகை அல்ல இது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்தும் வேலை கிடைக்காத இளைஞர்களுக்கானது. மாதத்துக்குப் பத்தாம் வகுப்பு தவறியவருக்கு 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய் வீதம், காலாண்டுக்கு ஒரு முறை, மூன்று ஆண்டுகள் வங்கியில் வரவு வைக்கிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள்ளும், வயது 40க்குள்ளும் (பட்டியலின, பழங்குடியினருக்கு 45) இருக்க வேண்டும். பொறியியல் போன்ற தொழிற்பட்டம் பெற்றவர்களுக்கும் கல்லூரியில் நேரடியாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் கிடையாது. மாற்றுத்திறனாளிகள் பதிந்து ஓராண்டு ஆனாலே போதும். தொகையும் 600 முதல் 1,000 வரை, பத்து ஆண்டுகளுக்கு. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கத் தவறினால் காத்திருந்த ஆண்டுகளெல்லாம் வீணாகிவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலும் மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் விண்ணப்பத்தை இலவசமாகத் தருகிறார்கள்.

வருங்கால வைப்பு நிதியும் அதன் வரியும்

பிஎஃப் உங்கள் சொந்தப் பணம் என்றாலும், எடுக்கும் நேரத்தைப் பொறுத்து அதில் வரி வருகிறது. முதலில் எடுக்கும் வழியைச் சொல்லிவிடுகிறேன். யூஏஎன் (பிஎஃப் உறுப்பினருக்குத் தரும் பொது எண்) கணக்கில் வேலையை விட்ட தேதி பதிவாகியிருந்தால்தான் முழுத் தொகைக்கான மனு நகரும். நிறுவனம் அதைப் பதியாவிட்டால், கடைசியாகச் சந்தா ஏறிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையதளத்தில் பதியலாம். இருப்பில் 75 சதவீதத்தை முன்னதாகவும் மீதியைச் சற்றுப் பின்னரும் எடுக்கலாம் என்பது ஏற்பாடு. அந்த மீதிக்கு முன்பு இரண்டு மாதம் காத்தால் போதும். அதைப் பன்னிரண்டு மாதமாக்க பிஎஃப் அறங்காவலர் குழு 2025 அக்டோபரில் முடிவெடுத்தது. ஆகவே முழுத் தொகையையும் நம்பிக் கடன் தவணைக்கு வாக்குக் கொடுப்பதற்கு முன், நடப்பு விதியைப் பார்த்துவிடுங்கள்.

தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள் பணி முடியும் முன் எடுத்தால் அந்தத் தொகை வரிக்கு உட்பட்டது. தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பான் எண் இணைக்காதவருக்கு 20 சதவீதம். மொத்த வருமானத்துக்கு வரி வராது என்பவர்கள் முன்கூட்டியே உறுதிமொழிப் படிவம் தந்து இந்தப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம். பல ஆண்டுகளாக 15ஜி என்ற பெயரில் வழங்கிய படிவம் அது. ஐந்து ஆண்டுக் கணக்கில் பழைய நிறுவனத்தின் காலமும் சேரும், ஆனால் அந்த இருப்பைப் புதிய கணக்குக்கு மாற்றியிருந்தால்தான் சேரும். இரண்டு யூஏஎன் வைத்திருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆறாண்டு உழைத்தும் மூன்றாண்டுக்காரர்களாக நிற்பது இதனால்தான்.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. தொழிலாளர்கள் இதைக் கேட்பதே இல்லை. உடல்நலக் குறைவாலோ, நிறுவனம் தொழிலை மூடியதாலோ, தொழிலாளியின் கையில் இல்லாத வேறு காரணத்தாலோ வேலை முடிந்திருந்தால், ஐந்து ஆண்டு ஆகாவிட்டாலும் அந்தத் தொகைக்கு வரி இல்லை. ஆகவே ஆள் குறைப்புக் கடிதம், ஆலை மூடல் அறிவிப்பு போன்ற எந்தத் தாளையும் தூக்கிப்போடாதீர்கள். கேட் பலகையில் ஒட்டியிருந்த அறிவிப்பைச் செல்பேசியில் படம் எடுத்து வைத்ததுகூடப் பின்னால் உதவும். ஆள் குறைப்பு இழப்பீட்டைப் பொறுத்தவரை, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் என்ற கணக்கில் வரும் தொகை அல்லது 5 லட்சம், இவற்றில் குறைவானது வரை வரிவிலக்கு உண்டு.

கணக்குத் தாக்கல் தாமதமானால்

மூன்றாண்டு பணியாற்றிய ஒருவர் 2025-26 நிதியாண்டில் ஆறு மாதம் 17,000 வீதம் சம்பளம் வாங்கி, பிறகு வேலை இழந்து, பிஎஃப்பில் 82,000 ரூபாய் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 8,200 ரூபாய் பிடித்தம் போயிருக்கும். சம்பளமும் பிஎஃப்பும் சேர்ந்தே 1,84,000தான். புதிய வரி முறையில் அந்த ஆண்டுக்கான அடிப்படை விலக்கு 4 லட்சம். வரி கட்ட வேண்டியதே இல்லை. ஆனால் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் அந்த 8,200 திரும்பும். "எனக்கு வருமானமே இல்லை, நான் எதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும்" என்று இருந்துவிடுபவர்கள் இழப்பது ஒரு மாத வீட்டு வாடகையை.

சம்பளக்காரர்களுக்குக் கெடு ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்காகத் தாக்கல் செய்யலாம். பிடித்தத்தைத் திரும்பப் பெறும் உரிமை அதிலும் உண்டு. தாமதக் கட்டணம், மொத்த வருமானம் 5 லட்சம் வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 5,000 ரூபாய். வருமானம் அடிப்படை விலக்குக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. 12 லட்சம் வரை வரியில்லை என்று கேள்விப்பட்டுக் கட்டணமும் இல்லை என்று நினைக்கக் கூடாது: அந்தச் சலுகை தள்ளுபடி வழியாக வருவது, கட்டணத்துக்குப் பார்ப்பது 4 லட்சம் என்ற எல்லையை. வரி பாக்கி இருப்பவருக்கு மாதம் 1 சதவீத வட்டியும் சேரும். தாமதக் கணக்கில் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது.

தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். முடிக்காமல் விட்டால் சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கருதப்படும். டிசம்பர் 28 அன்று பிரவுசிங் சென்டரில் அவசரமாக அனுப்பிவிட்டு, ஓடிபி வரவில்லை என்று வீட்டுக்கு வந்து பிப்ரவரியில் நினைவு வந்து முடித்தால், கெடு தாண்டிய கணக்காகிவிடும். பணம் வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கையும் அதே தளத்தில் முன்பே உறுதிப்படுத்தி வைக்க வேண்டும்.

டிசம்பர் 31ம் போய்விட்டால், புதுப்பித்த கணக்கு கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஒன்று இருப்பது உண்மை. ஆனால் அது கூடுதல் வரி கட்டுவதற்கான வழி, அதில் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. திரும்பக் கேட்க விரும்புபவர் தாமதத்தைப் பொறுத்தருளக் கோரி வருமான வரித் தளத்திலேயே மனு அளிக்க வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை இதற்கு இடமுண்டு. அந்த மனுவில் பொதுவாகக் "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதுவதைவிட, வேலை போன தேதி, மருத்துவமனையில் இருந்த நாள்கள், பிஎஃப் தொகை வந்த தேதி ஆகியவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளை இணைத்துக் கொடுங்கள். அனுமதி கிடைத்த பிறகே அந்த ஆண்டுக்கான கணக்கைத் தாக்கல் செய்ய முடியும்.