பன்னிரண்டு வெள்ளி ரூபாய்: குறைந்த பட்ஜெட்டில் கீ டேட் வாங்கும் வழி

ஒரு நாணய வரிசையில் எந்த ஆண்டுக் காசு கிடைப்பது அரிதோ, அதைச் சேகரிப்பாளர்கள் கீ டேட் என்பார்கள். மற்ற ஆண்டுகளை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். ஆல்பத்தில் கடைசிவரை காலியாக நிற்கும் குழி இதுதான். சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்ப்பவர்கள் எளிதாகக் கிடைப்பதில் தொடங்கி, கீ டேட்டைப் ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்தப் பிறகு வரும்போது கையில் பணமும் இருக்காது, விற்றுப் பணமாக்க டூப்ளிகேட்டும் (ஒரே ஆண்டில் கூடுதலாக வைத்திருக்கும் அசல் காசு) இருக்காது.

எந்த வரிசை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிரிட்டிஷ் அரசர் ஆறாம் ஜார்ஜின் ரூபாய் வரிசையை எடுத்தால் அதன் கீ டேட் 1939. அசல் 1939 நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. சந்தையில் அந்த ஆண்டோடு வருவதில் பெரும்பாலானது போலி, இல்லையென்றால் 1938-ன் கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றியது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் வேறு மாதிரி. 1911 முதல் 1922 வரை ஆண்டுக்கு ஒன்று, மொத்தம் பன்னிரண்டு. 1911, 1921, 1922 மூன்றும் கடினம், ஆனால் சேமித்தால் எட்டும். 1915 கொஞ்சம் தேட வைக்கும். மற்றவை, குறிப்பாக 1916 முதல் 1919 வரை, தருமபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டினம் பக்கம் பழைய பெட்டி உள்ள வீடுகளில் இன்னும் இருக்கின்றன.

1911 ஏன் அரிது என்பது தெரிந்திருந்தால் வாங்கும்போது உதவும். அரசரின் மார்புச் சங்கிலியில் ஒரு சின்ன யானை உண்டு. அந்த ஆண்டு அச்சில் தும்பிக்கை குட்டையாக விழுந்து, பார்க்கப் பன்றிபோல இருந்தது. முஸ்லிம்களிடமிருந்து எதிர்ப்பு வந்ததும் நாணயம் நிறுத்தப்பட்டது. சுமார் 94 லட்சம் அடித்ததில் வெளியே போனது 7 லட்சம் அளவுதான், மீதி உருக்கப்பட்டது. 1912-ல் தும்பிக்கையை நீளமாக்கி அச்சைத் திருத்தினார்கள்.

இதிலிருந்தே ஒரு சோதனை கிடைக்கிறது. 1911 என்று ஆண்டு இருந்து, யானையின் தும்பிக்கை நீளமாகத் தெரிந்தால், அது 1914, 1917 போன்ற ஒன்றின் கடைசி எண்ணைச் சுரண்டிய காசு. 1921, 1922-க்கு வேறு சோதனை. இரண்டும் பம்பாய் நாணயச் சாலையில் மட்டும் அடித்தவை. பம்பாய் என்றால் பின்பக்கம் அடியில் உள்ள தாமரைப் பூவின் கீழ் சிறு புள்ளி இருக்க வேண்டும். கல்கத்தா காசில் புள்ளி கிடையாது. புள்ளி இல்லாத 1922 கண்ணில் பட்டால் மேற்கொண்டு பேரம் பேச வேண்டாம். நகைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸில் கடைசி எண்ணைச் சுற்றிப் பாருங்கள். அங்கே மட்டும் தளம் பளபளவென்றோ குழிந்தோ இருந்தால் கைவேலை நடந்திருக்கிறது.

உலோகச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு ஒன்று போதும். ரூபாயின் முழு எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம், நகைக்கடைப் பேச்சில் 91.7 டச். தேய்ந்த காசு 11.4 காட்டினால் பதற வேண்டாம். முதலில் காசை அப்படியே எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் முக்கால் டம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய தையல் நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்க விடுங்கள். தராசு இப்போது காட்டும் எண்ணால் முதல் எடையை வகுக்க வேண்டும். 11.66 கிராம் காசுக்கு 1.13 காட்டினால் விடை 10.3, அசல் 10.2-க்கும் 10.4-க்கும் இடையில் வரும். ஜெர்மன் சில்வர் வகைப் போலி 8.7-ஐ ஒட்டி நிற்கும், அதாவது தண்ணீரில் 1.34 காட்டும். காசு தேய்ந்திருந்தாலும் இந்த விடை மாறாது, அதனால்தான் வெறும் எடையைவிட இதை நம்பலாம்.

விடை தப்பாக வருவதற்கு இரண்டே காரணம். காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் விடை குறைந்துவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டால் குமிழி நிற்காது. காசு அடியைத் தொட்டால் எண் தாறுமாறாக ஏறும். எண் செதுக்கிய காசும், நல்ல வெள்ளியிலேயே அடித்த போலியும் இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதை மறக்க வேண்டாம். லென்ஸும் தராசும் சேர்ந்துதான் தீர்ப்பு சொல்ல முடியும். காந்தம் ஒட்டவில்லை என்று விற்பவர் காட்டுவதற்கு மதிப்பே இல்லை, பித்தளையிலும்தான் ஒட்டாது.

இனி பணத்துக்கு வருவோம். ஒரு ரூபாயில் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் அடிமட்ட விலை தெரியும். கணக்குக்குக் கிராம் 100 ரூபாய் என்றால் 1,069. சாதாரண ஆண்டுகள் இந்த விலையை ஒட்டியே ஏறி இறங்கும். கீ டேட்டின் விலை வெள்ளியோடு அந்த வேகத்தில் ஓடாது, தேடுகிறவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவே வெள்ளி உச்சத்தில் இருக்கும்போது டூப்ளிகேட்டுகளை விற்றுக் கீ டேட் வாங்குங்கள், வெள்ளி சரியும்போது சாதாரண ஆண்டுகளைச் சேருங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

டூப்ளிகேட் சேர்க்க இந்த ஊர்ப்பக்கம் நல்ல இடம் நகைக்கடையும் அடகுக் கடையும்தான். பழைய வெள்ளியோடு வரும் ராஜா தலை ரூபாய்கள் கொலுசு, அரைஞாணோடு சேர்ந்து உருக்கப் போகின்றன. கடைக்காரரிடம் உருக்கும் வெள்ளியின் விலைக்கு மேல் சிறிது தருவதாகச் சொல்லி, உருக்குவதற்கு முன் ஒரு பார்வை பார்க்கக் கேளுங்கள். ஆடியில் வியாபாரம் மந்தமாக இருக்கும். அப்போது போனால் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். பத்து காசு வாங்கினால் ஆண்டுவாரியாகப் பிரித்து, தேவையானதை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடலாம். நாலு பேர் சேர்ந்து ஒரு லாட் (மொத்தமாக விற்கும் காசுக் குவியல்) வாங்கிப் பங்கு போட்டால் இன்னும் மலிவு. யார் எதை எந்த விலைக்கு எடுப்பது என்பதை வாங்குவதற்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். லாட்டுக்குள் ஒரு 1922 இருந்துவிட்டால் நட்பு தாங்காது.

கீ டேட்டில் தரத்தை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்? சீராகத் தேய்ந்தது, ஆண்டும் யானையும் தெரிகிறது, விளிம்பில் சின்ன அடி: இது பட்ஜெட்காரருக்கான காசு. புதுமை மாறாத ஒன்றின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும், விற்கும்போதும் வாங்க ஆள் உண்டு. வளையம் வைத்துக் கழுத்தில் போட்டது இன்னும் மலிவு. பழைய காசுமாலையிலிருந்து வந்தவை இந்தப் பக்கம் நிறைய. மேல் விளிம்பில் பற்றவைத்த தடம் மங்கலான கறையாகவோ அரம் ராவிய தட்டையாகவோ தெரியும். குழியை நிரப்பினால் போதும் என்றால் வாங்கலாம், ஆனால் போட்ட பணம் முழுதாகத் திரும்பாது. புளி, திருநீறு, பற்பசை போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியதை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். தேய்மானம் இயல்பு, கீறல் காசின் தோலையே உரித்துவிடும்.

பன்றி யானையே மாதிரிக்குப் போதும் என்பவருக்கு ரூபாய் தேவையில்லை. 1911 கால் அணா வெண்கலக் காசிலும் அதே யானைதான், விலை மிகக் குறைவு.

விலை எவ்வளவு என்று இணையத்தில் தேடும்போது கேட்கும் விலையைப் பார்க்க வேண்டாம். ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலைப்பட்டியலை வெளியிடுகின்றன. அதே ஆண்டு, அதே தரத்தில் விற்ற நாலைந்து விலைகளைக் குறித்து, நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு பக்கத்தில் இருப்பது நமக்கு வசதி: ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான், கண்காட்சிக்கோ ஏல முன்பார்வைக்கோ காலையில் போய் இரவுக்குள் வீடு திரும்பலாம். படத்தில் தெரியாத கீறல் கையில் சாய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏலத்தில் கேட்ட விலை மட்டும் செலவல்ல. கமிஷன் 15 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், கூரியர் 150 என்று ஒரு கணக்குக்கு வைப்போம். 6,000-க்குக் கேட்டால் 900, 162, 150 சேர்ந்து 7,212 ஆகும். கையில் இருப்பதே 6,000 என்றால் 4,900-லேயே கையைக் கீழே போட வேண்டும். இந்த விகிதங்கள் ஏலத்துக்கு ஏலம் மாறும், விதிமுறையை முதலில் படியுங்கள். நம்பகமான வியாபாரி என்றால் மூன்று தவணை கேட்கலாம், பலர் ஒப்புக்கொள்வார்கள். போலி என்று தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாக ஆண்டும் எடையும் குறித்த பில்லில் எழுதி வாங்குங்கள். அதை எழுத மறுப்பவரிடம் கீ டேட் வேண்டாம்.

சந்தையில் விரிப்புப் போட்டு விற்கும் ராமர், அனுமன் படம் போட்ட ‘1818 கிழக்கிந்தியக் கம்பெனி’ காசுகள் வெறும் டோக்கன்கள். அரிசியை இழுக்கும் காசு என்று யாராவது காதைக் கடித்தால் நகர்ந்துவிடுங்கள், ரைஸ் புல்லிங் மோசடியில் தமிழ்நாட்டில் நிறையப் பேர் பணத்தை இழந்திருக்கிறார்கள். பழைய காசை லட்சத்துக்கு வாங்குவதாகச் சொல்லி முன்பணம் கேட்பதும் அதே ரகம்; இதற்காக ரிசர்வ் வங்கி தன் பெயரைப் பயன்படுத்துவோரைப் பற்றி 2021-ல் எச்சரிக்கையே வெளியிட்டது.

சட்டம் பக்கம் இரண்டு விஷயம். நூறு ஆண்டு தாண்டிய நாணயம் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். இந்த வரிசை முழுவதும் இப்போது அதற்குள் வந்துவிட்டது: வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, அதைத் தொழிலாக விற்க உரிமம் வேண்டும். இரண்டாவது, நிலத்தில் தோண்டும்போது பானையில் கிடைத்தது என்று வரும் காசு. பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்ட காசை மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

வாங்கியதை மெல்லிய பிவிசி உறையில் வைக்காதீர்கள்; ஒன்றிரண்டு கோடைக்குப் பிறகு பச்சையாகப் பிசுபிசுக்கும். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளில் சாளரம் உள்ள அட்டை ஹோல்டரில் வைத்து, ஸ்டேப்ளர் பின்னின் முனைகளை இடுக்கியால் தட்டையாக்கிவிடுங்கள். அட்டையின் ஓரத்தில் வாங்கிய விலை, எடை, தண்ணீர்ச் சோதனை விடை மூன்றையும் பென்சிலில் குறித்து வைத்தால், அடுத்த முறை வெள்ளி ஏறும்போது எதை விற்பது என்று தேட வேண்டியதில்லை.