தவிட்டில் ஊறும் காய்: வீட்டிலேயே நுக்காதொக்கோ தயாரிப்பது எப்படி?

ஜப்பானிய வீட்டுச் சாப்பாட்டில் சோறும் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பும் இருந்தால் பக்கத்தில் ஊறுகாயும் இருக்கும். எண்ணெய், மிளகாய்த்தூள் எதுவும் சேராத ஊறுகாய். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நுக்காஸுக்கே, அதாவது அரிசித் தவிட்டில் புதைத்து ஊறவைத்த காய். புதைக்கும் தவிட்டுப் படுகைக்கு நுக்காதொக்கோ என்று பெயர். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஒரே படுகையை வருஷக்கணக்கில் வைத்திருக்கலாம். கித்தாக்யூஷூ நகரத்தின் கொக்குரா பகுதியில் நூறு வருஷத்துக்கு மேல் பழைய படுகைகள் உண்டு. மத்தி, கானாங்கெளுத்தி மீனை அந்தத் தவிட்டோடு சேர்த்தே கொதிக்கவிட்டு ‘நுக்காதாக்கி’ என்று சாப்பிடுகிறார்கள்.

தவிடு என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். எடோ காலத்தில் (1603–1868), அப்போது எடோ என்று பெயர் கொண்ட இன்றைய டோக்கியோவில் தீட்டிய வெள்ளை அரிசி பரவியபோது ‘எடோ நோய்’ என்று ஒன்று வந்தது. கால் வீங்கி, நடை தளர்ந்து, கடைசியில் இதயத்தையே பாதிக்கும். பெரிபெரிதான் அது. தீட்டும்போது அரிசியிலிருந்து போன சத்தை 1910இல் ஜப்பானிய விஞ்ஞானி சுசுக்கி உமேதாரோ தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தார். இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். தவிட்டில் புதைத்த காய்க்குள் அந்த பி1 ஊறி இறங்குகிறது.

தேவையானவை

தவிடு 1 கிலோ, தண்ணீர் 1 லிட்டர், உப்பு 130 கிராம், காய்ந்த மிளகாய் நாலைந்து, உள்ளங்கை நீளத்துக்கு ‘கொம்பு’ (kombu) என்ற ஜப்பானியக் கடற்பாசி ஒரு துண்டு. ஜப்பானில் இருப்பவர்கள் கடையில் வறுத்த தவிடு வாங்கலாம். காசு போட்டால் அரிசி தீட்டித் தரும் எந்திரம் பக்கத்தில் இருந்தால் அங்கே பல இடங்களில் தவிடு இலவசம். அன்றைக்கே எடுத்த பச்சைத் தவிட்டின் மணம் வறுத்ததில் வராது.

பாத்திரம் 4 லிட்டராவது பிடிக்க வேண்டும். என் ஓட்டு எனாமலுக்கு. நோடா ஹோரோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் நீள்சதுர எனாமல் டப்பா விலை கூடுதல்தான், ஆனால் வாடை பிடிக்காது, உப்புக்கும் புளிப்புக்கும் அரிக்காது, ஃப்ரிட்ஜ் தட்டில் கச்சிதமாக நிற்கும். பிளாஸ்டிக் வாடையை விடவே விடாது. அலுமினியம் கூடவே கூடாது. பீங்கான் ஜாடி நல்லதுதான். ஆனால் கை முழுக்க உள்ளே போகும் அகல வாய் வேண்டும்.

படுகை தயாரித்தல்

உப்பைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு நன்றாக ஆறவையுங்கள். தவிட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கையால் கலக்குங்கள். புட்டு மாவை விட ஈரம் கூடுதலாக இருக்க வேண்டும்: கைப்பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஈரம் கசியலாம், சொட்டக் கூடாது. மிளகாயையும் கொம்பையும் உள்ளே புதையுங்கள்.

அடுத்தது ‘சுத்தேஸுக்கே’, அதாவது எறிவதற்காகவே புதைக்கும் காய். முட்டைக்கோஸின் வெளி இலை, முள்ளங்கித் தலை, கேரட் தோல் எதுவானாலும் சரி. புதைத்து, மூன்று நான்கு நாளில் பிழிந்து எடுத்துப் போட்டுவிட்டு, புதிதாகப் புதைக்க வேண்டும். காயில் ஒட்டியிருக்கும் லாக்டிக் பாக்டீரியா தவிட்டில் குடியேறுவது இப்போதுதான். வெயில் காலத்தில் ஒரு வாரம், குளிர்காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேலேயே ஆகும். வெறும் தவிட்டு வாசனை போய் இலேசான புளிப்பு மணம் வந்தால் தயார்.

கிளறுவது: இங்கேதான் நிதானம் வேண்டும்

“தினமும் கிளறுங்கள்” என்று எல்லாரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எதற்கு என்று புரியாததால்தான் நானும் இந்தக் கட்டத்தில் ரொம்ப நாள் நின்றேன். படுகையில் மூன்று வகை உயிர்கள். காற்று படும் மேற்பரப்பில் வெள்ளை ஆடையாகப் படரும் ஈஸ்ட். நடுவில் நமக்கு வேண்டிய லாக்டிக் பாக்டீரியா. காற்றே புகாத அடியில் பியூட்ரிக் அமிலம் சுரப்பவை. பழைய சாக்ஸ் வாடைக்கு இவைதான் காரணம். மேலே இருப்பதை அடிக்கும் அடியில் இருப்பதை மேலுக்கும் மாற்றினால் இரண்டு கோடியும் அடங்கும், நடுவில் உள்ளது ஓங்கும்.

ஆகவே மாவு பிசைவது போலப் பிசைய வேண்டாம். டப்பாவின் ஓரமாகக் கையை இறக்கி, அடித்தவிட்டை வாரி மேலே கொண்டுவாருங்கள். நான்கு மூலையிலும் அப்படியே செய்யுங்கள். பிறகு உள்ளங்கையால் அழுத்திச் சமப்படுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். சுவரில் ஒட்டிய தவிட்டை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான். 20 முதல் 25 டிகிரி வரை தினம் ஒரு முறை, அதற்கு மேல் சூடு என்றால் இரண்டு முறை. ஃப்ரிட்ஜில் இருந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை போதும். கரண்டி வேண்டாம், வெறுங்கைதான். அடியில் எங்கே சூடு, எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று விரலுக்குத்தான் தெரியும்.

நெயில் பாலிஷ் வாடை வந்தால் மேற்பரப்பு ஈஸ்ட் மிஞ்சிவிட்டது. சாக்ஸ் வாடை என்றால் அடிக்குக் கை போகவில்லை. புளிப்பு அதிகமானால் புதுத் தவிடும் உப்பும் ஒரு ஸ்பூன் கடுகுப் பொடியும் சேருங்கள். வெள்ளை ஆடை மெல்லிசாக இருந்தால் உள்ளே கலந்துவிடலாம், தடித்திருந்தால் வழித்து எறியுங்கள். பச்சை, கறுப்பு, சிவப்பில் பூஞ்சை படர்ந்தால் முழுப் படுகையையும் கொட்டிவிடுவதே நல்லது.

காய் புதைத்தல்

வெள்ளரியில் தொடங்குங்கள். உப்பு தேய்த்து முழுசாகப் புதைத்தால் கோடையில் ஆறேழு மணி நேரம், ஃப்ரிட்ஜில் ஒரு நாள். கேரட், முள்ளங்கிக்குக் கூடுதல் நேரம் வேண்டும். எடுத்துக் கழுவி, நறுக்கி, உடனே சாப்பிடுங்கள். ஊதா நிறம் மங்காத கத்தரிக்காய் வேண்டுமென்றால் உப்போடு கொஞ்சம் படிகாரப் பொடியும் தேய்த்துப் புதையுங்கள்.

மறந்துபோய் அதிகம் ஊறிவிட்டால் எறிய வேண்டாம். பொடியாக அரிந்து, தண்ணீரில் போட்டு உப்பை இறக்கிப் பிழிந்து, துருவிய இஞ்சியைச் சேர்த்தால் அதற்கு ‘காக்குயா’ என்று பெயர். புதிதாக ஊறியதை விட இதைத்தான் நான் அதிகம் விரும்புகிறேன்.

பின்சேர்க்கை 1: தமிழ்நாட்டில் கிடைக்கும் தவிட்டில் செய்யலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். மாட்டுத்தீவனத் தவிட்டில் உமியும் தூசியும் கலந்திருக்கும், அது வேண்டாம். பச்சரிசி தீட்டும் மில்லில் அன்றைய தவிட்டை வாங்கிச் சலித்து, அன்றைக்கே வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுங்கள். தவிட்டில் உள்ள எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும், வறுத்தால்தான் நிற்கும். நம் ஊர்ச் சூட்டுக்குப் படுகை தயாரானதும் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: ஊருக்குப் போகும்போது என்ன செய்வது? காய்களை எல்லாம் எடுத்துவிட்டு, புதுத் தவிடும் உப்பும் சேர்த்துக் கெட்டியாக்கி, மேலே உப்பைப் பரப்பி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். திரும்பி வந்ததும் மேல் உப்பை வழித்துவிட்டு, இரண்டு நாள் சுத்தேஸுக்கே புதைத்த பிறகு வழக்கம்போலத் தொடரலாம்.